வாசலுக்கு வரும் சினைப் பூனை: முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தினமும் சோறு தேடி வரும் தெருப் பூனையின் வயிறு இரு பக்கமும் புடைத்துத் தொங்க ஆரம்பித்ததும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "இங்கேயே குட்டி போட்டுத் தொலைக்கும், விரட்டு" என்பது ஒரு கட்சி. பூனையை அப்படியே தூக்கிப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தத் துடிப்பது இன்னொரு கட்சி. இந்தக் கட்டுரை இரண்டாவது கட்சிக்காக. முதல் கட்சியினர் விரட்டினால் பூனை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பாசத்தோடு பிரசவத்தில் கை வைப்பவர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் அது திண்டாடும்.

தெருப் பூனையின் பிரசவத்தில் நம் வேலை பெரும்பாலும் முன்பும் பின்பும்தான் இருக்கிறது. சாப்பாடு, இடம், எறும்பு, கடுவன் பூனை, கடைசியில் கருத்தடை. நடுவில் உள்ள சில மணி நேரம் பூனையுடையது. எந்த நிலையில் மட்டும் நாம் குறுக்கிட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

சினையா, வெறும் தொப்பையா?

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். 63 முதல் 67 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தெருப் பூனைக்கு எந்த நாளில் சினை பிடித்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே உடம்பைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் முலைக்காம்புகள் பருத்து ரோஜா நிறமாகும். வயிற்று முடியை விலக்கிப் பார்க்க விடாத பூனையாக இருந்தால், அது மதிலில் கால் நீட்டிப் படுத்து நக்கிக்கொள்ளும்போது கவனியுங்கள். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு வயிறு நன்றாகத் தெரியும். கடைசி இரண்டு வாரங்களில் பூனை ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது வயிற்றின் ஓரத்தில் குட்டி நெளிவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். காம்புகள் வீங்கிப் பால் கசிந்தால் நாள் மிகவும் நெருங்கிவிட்டது என்று பொருள்.

குடற்புழு இருந்தாலும் வயிறு உப்பும். அப்படிப்பட்ட பூனைக்கு வயிறு மட்டும் பானையாக இருக்கும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தித் தெரியும், காம்பு நிறம் மாறியிருக்காது. இந்த நிலையில் இருக்கும் பூனையை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. எதுவாக இருந்தாலும் வயிற்றை அழுத்திக் குட்டிகளை எண்ணிப் பார்க்க வேண்டாம். கையில் எடுக்க விடும் பூனையென்றால் ஸ்கேனில் சினையை உறுதி செய்யலாம். 45 நாளுக்கு மேல் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எண்ணிக்கையே தெரியும். பிரசவ நேரத்தில் உள்ளே இன்னும் குட்டி இருக்கிறதா என்ற தலைவலி அதனால் குறையும். இன்னும் ஆரம்ப நாட்கள்தான் என்றால், அந்த நிலையிலேயே கருத்தடை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. நாள் நெருங்கிய பூனைக்கு அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே மேல்.

சாப்பாடு

தயிர்சாதம் போடும் வீடுகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பூனை அசைவப் பிராணி. சினைப் பூனை இன்னும் கூடுதலாக. வயிற்றில் நான்கு குட்டிகளைச் சுமக்கும் பூனைக்குச் சோறும் பாலும் வயிற்றை நிரப்புமே தவிர, குட்டிகளை வளர்க்காது. வசதியிருந்தால் பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் உணவை வாங்குங்கள். தாய்ப் பூனைக்கு எதற்குக் குட்டி உணவு என்று கடைக்காரரே கேட்பார். அதில் புரதமும் கால்சியமும் அதிகம் என்பதுதான் காரணம். அது கட்டுப்படியாகாவிட்டால் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, வாரம் ஒருமுறை சிறிது ஈரல், முள் நீக்கிய மத்தி அல்லது நெத்திலி, அவித்த முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால் குழம்பில் கிடந்த துண்டுகளைக் கழுவிப் போடுகிற வேலை வேண்டாம். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம்.

கடைசி வாரங்களில் கருப்பை இரைப்பையை நெருக்குவதால் பூனையால் ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட முடியாது. ஒரு நாள் சாப்பாட்டை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்து வையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். மருத்துவரைக் கேட்காமல் புழு மாத்திரையும் கொடுக்க வேண்டாம்.

இடம், அதிலும் முக்கியமாக எறும்பு

ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே பூனை இடம் தேட ஆரம்பிக்கும். மின்மீட்டர்ப் பெட்டிக்குப் பின்னால், பரணில், ஏசியின் வெளிப்பெட்டிக்கு அடியில், மோட்டார் அறையில், கார் என்ஜினுக்குள் என்று நாம் நினைத்தும் பார்க்காத பொந்துகளையெல்லாம் அது பார்த்து வைத்திருக்கும். அதைவிட நல்ல இடம் ஒன்றை நாம் காட்டினால் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு. கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கத்தில் பூனை மட்டும் நுழையும் அளவுக்கு வாசல் வெட்டுங்கள். வாசலின் அடிவிளிம்பு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும், குட்டிகள் உருண்டு வெளியே வராது. மேல்மூடியை எடுத்துவிடாதீர்கள். பூனைக்கு இருட்டும் மறைவும்தான் பாதுகாப்பு. அடியில் செய்தித்தாள் சில அடுக்கு, அதற்கு மேல் பழைய வேட்டி அல்லது பருத்திப் புடவை. துவாலை வேண்டாம், அதன் நூல் கண்ணிகளில் குட்டிகளின் நகம் சிக்கும். பிரிந்து தொங்கும் நூல் குட்டியின் காலைச் சுற்றி இறுக்கிவிடும். வேட்டி, புடவையின் ஓரத்தில் தொங்கும் நூல்களை வெட்டிவிட்டு விரியுங்கள். பெட்டியை மாடிப்படிக்கு அடியிலோ ஆள் நடமாட்டம் குறைந்த தாழ்வாரத்திலோ, பூனைக்கு ஏற்கெனவே பழகிய பாதையில் வைத்து, பக்கத்திலேயே சாப்பாடும் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலும், ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும் மூலையிலும் வைத்துவிடாதீர்கள்.

இப்போது எறும்பு. வெளிநாட்டுக் குறிப்புகளில் இதைப் பற்றி அதிகம் பார்க்க முடியாது. நம் ஊரில் பிறந்த குட்டிகளுக்கு நாய், கடுவன் பூனை ஆகியவற்றோடு எறும்பும் பெரிய எதிரி. பிரசவத்தில் வழியும் நீருக்கும் இரத்தத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் அரைமணி நேரத்தில் வரிசை கட்டி வந்துவிடும். கண் திறக்காத குட்டியால் நகர முடியாது. கண்ணிமை, தொப்புள், ஆசனவாய் என்று மெல்லிய தோலாகப் பார்த்துக் கடிக்கும். எறும்பை விரட்டுவதற்காகக் கோடு போடும் சாக்பீஸையும் எறும்புப் பொடியையும் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்திராய்டு வகை மருந்து மனிதரைவிடப் பூனையை மிக எளிதாகத் தாக்கும். அதன் மீது நடந்த பாதத்தைத்தான் பூனை நக்குகிறது, அதே நாக்கால்தான் குட்டியையும் நக்குகிறது. பழைய வீடுகளில் பலகார அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே வழி இங்கும் சரியாக வரும். பெட்டியைக் குட்டையான முக்காலி அல்லது கால் வைத்த பலகை மீது ஏற்றி, எல்லாக் கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பெட்டி சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு வளர்ந்து நமக்குக் காய்ச்சல் வரும். சாப்பாட்டுத் தட்டைப் பூனை உண்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

இடத்தைச் சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். பினாயிலும், தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகும் கிருமிநாசினிகளும் பூனைக்கு நஞ்சு. பாச்சை உருண்டையும் கற்பூரமும் அப்படியே.

கையில் தயாராக இருக்க வேண்டியவை

பழைய பருத்தித் துணி நான்கைந்து, கொதிக்க வைத்து ஆறிய கத்தரிக்கோல், தைக்கும் நூல், பொவிடோன் அயோடின், சமையலறை எடைத் தராசு, வெந்நீர் நிரப்பித் துணி சுற்ற ஒரு பாட்டில், மூடியுள்ள கூடை. கூடைதான் முக்கியம், இரவு 2 மணிக்குப் பூனையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏற முடியாது. சில நாட்களுக்கு முன்பே கூடைக்குள் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள்.

மருத்துவர் எண்ணையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். ஊர்ப்புறக் கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் இரவில் திறந்திருக்காது. சென்னையில் வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. எந்த நேரத்தில் பார்ப்பார்கள், பூனைக்கு அறுவைசிகிச்சைப் பிரசவம் செய்வார்களா என்று தொலைபேசியில் கேட்டு வைப்பது ஐந்து நிமிட வேலை. மாடு, ஆடு பார்க்கும் எல்லா மருத்துவர்களுக்கும் பூனையின் பிரசவத்தில் பழக்கம் இருக்காது.

அந்த நாள்

பிரசவத்துக்கு முந்தைய 12 முதல் 24 மணி நேரத்தில் பெரும்பாலான பூனைகள் சாப்பாட்டைத் தொடாது. பெட்டிக்குள் போகும், வெளியே வரும், துணியைப் பிறாண்டும், பின்பக்கத்தை நக்கும், சில பூனைகள் விடாமல் கத்தும். தெருப் பூனைகள் பல இந்தக் கட்டத்தில் கண்ணிலேயே படாது. தேடிக்கொண்டு போகாதீர்கள். உடல் சூடு குறைவதை வெப்பமானியில் பார்க்கலாம் என்று சில குறிப்புகள் சொல்லும். தெருப் பூனையிடம் அதை முயன்றால் நாம்தான் கடிபட்டு வருவோம்.

வலி எடுத்துவிட்டது என்பது வயிறு அலையலையாக இறுகுவதில் தெரியும். முக்க ஆரம்பித்துச் சாதாரணமாக அரைமணி நேரத்துக்குள் முதல் குட்டி வந்துவிடும். முதலில் ஈரமான சாம்பல்நிறக் குமிழ் ஒன்று எட்டிப்பார்க்கும். பனிக்குடத்தோடு அது வழுக்கிக்கொண்டு வெளியே விழும். தலை முதலில் வந்தாலும் பின்னங்கால்கள் முதலில் வந்தாலும் பூனையில் இரண்டும் இயல்புதான். தாய் திரும்பி அந்தச் சவ்வைப் பல்லால் கிழித்து, மூக்கிலிருந்து ஆரம்பித்து முரட்டுத்தனமாக நக்கும். பார்ப்பதற்குக் குட்டியைப் புரட்டி அடிப்பது போலத் தெரியும். அந்த முரட்டு நக்கலில்தான் குட்டிக்கு மூச்சு வருகிறது. பிறகு தொப்புள்கொடியைக் கடித்து அறுத்து, நஞ்சுக்கொடியைத் தின்னும். தடுக்க வேண்டாம். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வர வேண்டும் என்பதை மட்டும் எட்ட நின்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த குட்டிகளுக்கு நடுவே பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். சில பூனைகள் பாதியில் நிறுத்திவிட்டு, பிறந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்துத் தானும் சாப்பிட்டுத் தூங்கி, பல மணி நேரம் கழித்து மீதியை ஈனும். தாய் முக்காமல், கலவரப்படாமல் இருந்தால் அதில் பயமில்லை. கூடிப்போனால் ஒரு நாள் வரை இப்படிப் போகலாம்.

நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் ஒன்றுதான். குட்டி விழுந்து ஒன்றிரண்டு நிமிடம் ஆகியும் தாய் சவ்வைக் கிழிக்கவில்லை என்றால், சுத்தமான துணியால் குட்டியின் மூக்குப் பக்கத்தில் சவ்வைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்துவிட்டு, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து முதுகை நன்றாகத் தேயுங்கள். குட்டி கீச்சிடும் வரை விடாதீர்கள். பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றும் பழைய வழக்கம் ஆபத்து. அதன் மூளை தாங்காது. தொப்புள்கொடி அறாமல் இருந்தால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, முடிச்சுக்கு வெளியே வெட்டி, நுனியில் அயோடின் தொட்டு வையுங்கள். கொடியை இழுக்கவே கூடாது. உடனே குட்டியைத் தாயின் முகத்தருகே வையுங்கள்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம்

அரைமணி நேரம் பலமாக முக்கியும் ஒரு குட்டியும் வரவில்லை. குட்டியின் ஒரு பாகம் வெளியே தெரிந்து பத்து நிமிடமாக நகரவில்லை. முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகவோ கறுப்பாகவோ நீர் போகிறது. புது இரத்தம் நிற்காமல் கொட்டுகிறது. பூனை துவண்டு தலையைத் தூக்க முடியாமல் கிடக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பிறந்த குட்டிகளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வலி தாங்காமல் கத்துகிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் செரிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

கடிபட்டாலோ நகம் கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். "பூனைதானே" என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். வெறிநோய்க்கு அந்தப் பாகுபாடு தெரியாது. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பூனையின் கழிவை அள்ளும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

குட்டிகள் வந்த பிறகு

முதல் நாள் தாய் பெட்டியை விட்டு அதிகம் நகராது. சாப்பாட்டையும் தண்ணீரையும் வாசலிலேயே வைத்துவிட்டு விலகிவிடுங்கள். எல்லாக் குட்டிகளும் காம்பைப் பிடித்துவிட்டனவா என்பதை மட்டும் பாருங்கள். முதல் நாள் சுரக்கும் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்பு இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். கேட்கும்போதெல்லாம் போடுங்கள்.

பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். தாய் அனுமதித்தால், அது சாப்பிட வெளியே வரும் நேரத்தில் தினமும் ஒருமுறை எடை பாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறாத குட்டிக்குத்தான் உதவி தேவை. மனித வாடை பட்டால் தாய் குட்டியைக் கைவிட்டுவிடும் என்பது உண்மையல்ல. ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கைபேசி வெளிச்சத்தைப் பெட்டிக்குள் அடித்தால், அன்றிரவே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி வேறிடம் கொண்டுபோய்விடும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று ஊரில் சொல்வார்கள். எண்ணிக்கை கிடக்கட்டும், மாற்றும் என்பது நிச்சயம். சற்றுத் தள்ளி இதே போன்ற இரண்டாவது பெட்டி ஒன்றை வைத்திருந்தால் அங்கே போக வாய்ப்பு உண்டு. குட்டிகள் பெட்டியில் இல்லாத அன்று வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டைத் தட்டிவிட்டு எடுங்கள்.

கடுவன் பூனைகள் குட்டிகளைக் கொல்லும். பெட்டியின் வாசலைக் குறுக்குவதும், பெட்டியை மூடிய தாழ்வாரத்தில் வைப்பதும்தான் நாம் செய்யக்கூடியவை.

தாயின் உடலிலிருந்து பழுப்புச் சிவப்பாகச் சிறிது நீர் இரண்டு மூன்று வாரம் கசியலாம். நாற்றமெடுத்தாலோ சீழாக வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கும் முதல் சில வாரங்களில் தாய் நடுங்கினாலோ, கால்கள் விறைத்து நடந்தாலோ, இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிட்டது என்று பொருள். அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். கால்சியம் மாத்திரை தேடி மருந்துக் கடைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

தாய் வரவே இல்லையென்றால்

குட்டிகள் தனியாகக் கிடக்கின்றன என்பதால் அநாதை என்று முடிவு கட்டி எடுத்துவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம், நீங்கள் நிற்பதைப் பார்த்து மதிலுக்குப் பின்னால் காத்திருக்கலாம். பெட்டியைச் சுற்றிக் கல் கோலமாவை மெல்லியதாகத் தூவிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்த்தால் பாதத்தடம் பதிந்திருக்கும். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும். குட்டிகள் வயிறு நிறைந்து அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போகிறது. வயிறு ஒட்டி, உடம்பு சில்லிட்டு, விடாமல் கத்தினால்தான் நம் முறை.

அப்போதும் முதலில் சூடு, பிறகுதான் பால். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் ஊர்ந்து போக இடம் வேண்டும். பசும்பால் வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கான பால்மாவு கிடைக்கும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். குட்டியை மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போகும். குப்புறப் படுத்த நிலையிலேயே தலையைச் சற்று நிமிர்த்திக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும். தாயின் நாக்கு செய்கிற வேலை அது. செய்யாவிட்டால் குட்டியால் சிறுநீர் கழிக்க முடியாது.

இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டியது

7 முதல் 14 நாளுக்குள் குட்டிகளின் கண் திறக்கும். மூன்று வாரத்தில் தள்ளாடி நடக்கும். அப்போது பெட்டியை முக்காலியிலிருந்து தரைக்கு இறக்கிவிடுங்கள். நான்கு வாரத்தில் மசித்த கோழியை நக்கிப் பார்க்கும். இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதர் கையில் பழகிய குட்டிதான் பிறகு வீட்டுப் பூனையாகும். வளர்க்கக் கேட்பவர்களிடம் எட்டு வாரம் ஆவதற்கு முன் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் மருத்துவரிடம் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாய்க்குக் கருத்தடை செய்யக் குட்டிகள் பால் மறக்கும் எட்டாவது வாரத்தைக் குறித்து வையுங்கள். பால் கொடுக்கும் பூனைக்குச் சினை பிடிக்காது என்று நம்பித் தள்ளிப்போட வேண்டாம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். அறுவைக்குப் பிறகு குறைந்தது ஓர் இரவாவது தாயை வீட்டுக்குள் வைத்திருங்கள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது செய்வதால் வலிக்காது, இன்னொருவர் இதே பூனையை மீண்டும் பிடித்துக்கொண்டு போய் வயிற்றைத் திறக்காமலும் இருப்பார்கள். குட்டிகளில் பெட்டைகள் நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே வளர்க்க வாங்கிப் போகிறவர்களின் கையில் குட்டியோடு கருத்தடைக்கான தேதியையும் எழுதிக் கொடுங்கள்.